பென் டிரைவைப் பிடுங்கலாமா?
லினக்ஸ் கணினியில் கணக்கு வைத்திருக்கும் வணிகர்கள் கவனத்திற்கு

நமது கடைகளில் சிட்டையும் பேரேடும் இருந்த மேசையில் இன்று கணினி இருக்கிறது. பில் போடுவது, கொள்முதல் பதிவது, இருப்புப் பார்ப்பது, வாடிக்கையாளரின் பற்று வரவு எல்லாம் அதில்தான். இரவு கடை கட்டும் முன் அன்றைய கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போகும் நல்ல வழக்கமும் நம்மில் பலருக்கு உண்டு. அந்த வழக்கத்தைப் பாராட்டுகிறோம். ஆனால் நகல் எடுத்தால் மட்டும் போதாது. அந்த டிரைவைக் கணினியிலிருந்து முறைப்படி கழற்றவும் வேண்டும். திரையில் காப்பி முடிந்தது என்று தெரிந்தவுடன் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால், வீட்டுக்குப் போவது முழுக் கணக்கா, பாதிக் கணக்கா என்று யாராலும் சொல்ல முடியாது.

லைசென்ஸ் கட்டணம் இல்லை என்பதால் உபுண்டு, மின்ட், சி-டாக் நிறுவனம் நம் நாட்டில் உருவாக்கிய பாஸ் போன்ற லினக்ஸ் வகைகளைப் பயன்படுத்தும் கடைகள் உண்டு. இவர்களுக்காகவே இக்கட்டுரை.

ஏன் இவ்வளவு கவனம்?

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவு, கணக்குகளையும் ஆவணங்களையும் அந்த ஆண்டுக்குரிய வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்கச் சொல்கிறது. அதாவது ஆறு ஆண்டுகள். இந்த ஆறு ஆண்டுகளில் கணினியின் ஹார்டு டிஸ்க் ஒரு முறையாவது பழுதாகக் கூடும். அன்று நம் கையில் இருப்பது அந்தச் சிறிய பென் டிரைவ் ஒன்றுதான். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். யார் எவ்வளவு பாக்கி தர வேண்டும் என்ற விவரம் போய்விட்டால், கேட்டு வாங்க நம்மிடம் என்ன ஆதாரம் இருக்கிறது?

சிட்டையும் பேரேடும்

கணினி எழுதும் முறையை நமக்குத் தெரிந்த வழக்கத்தைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். கடையில் கூட்டம் நெரியும்போது கணக்குப்பிள்ளை ஒவ்வொரு வரவையும் உடனுக்குடன் பேரேட்டில் ஏற்றுவதில்லை. கையில் இருக்கும் சிட்டையில் குறித்துக்கொள்கிறார். கூட்டம் குறைந்தபின் சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றுகிறார்.

கணினியும் அப்படியே செய்கிறது. அதன் மெமரி மிக வேகமானது. பென் டிரைவ் மெதுவானது. ஆகவே நாம் காப்பி செய்யச் சொன்னதை முதலில் மெமரியில் குறித்துக்கொண்டு, 'ஆயிற்று' என்று நமக்குச் சொல்லிவிட்டு, பின்னர் சிறிது சிறிதாக டிரைவில் எழுதுகிறது. மெமரிதான் சிட்டை, டிரைவ்தான் பேரேடு. மின்சாரம் நின்றால் மெமரியில் உள்ளது அழிந்துவிடும். ஏற்றி முடிக்கும் முன் பேரேட்டையே தூக்கிக்கொண்டு போய்விட்டால், மீதிக் கணக்கை எங்கே எழுதுவது?

லினக்ஸில் வழக்கமாக அமைந்துள்ள அளவு என்னவென்றால், மெமரியில் காத்திருக்கும் தகவலுக்கு 30 விநாடி வயதானபின் அதை எழுதும் வேலை தொடங்குகிறது. காத்திருப்பது மெமரியில் சுமார் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அதற்கு முன்பே தொடங்கும். டிரைவ் இணைக்கப்பட்ட விதத்தைப் பொறுத்தும் இது மாறும். நமது நகல் 480 எம்.பி. என்றும், டிரைவ் விநாடிக்கு 8 எம்.பி. எழுதும் என்றும் வைத்துக்கொள்வோம். முழுவதும் எழுத 60 விநாடிகள் வேண்டும். திரையோ சில விநாடிகளிலேயே வேலை முடிந்ததாகக் காட்டிவிடக் கூடும். இந்த இடைவெளியில்தான் கணக்கு கெடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காப்பி செய்தவுடன் பென் டிரைவில் உள்ள ஃபைலைத் திறந்து பார்த்து, 'சரியாகத்தான் இருக்கிறது' என்று திருப்தி அடைகிறவர்கள் உண்டு. அப்போது கணினி அந்த ஃபைலை மெமரியிலிருந்தே எடுத்துக் காட்டக் கூடும். பேரேட்டைத் திறக்காமல் சிட்டையைப் பார்த்தே சிட்டையைச் சரிபார்ப்பது போன்றது அது. டிரைவை முறைப்படி கழற்றி, மறுபடி செருகித் திறந்து பார்ப்பதே சரியான சோதனை.

மவுண்ட் என்றால் என்ன?

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் தொடங்கிய யூனிக்ஸ் அமைப்பின் வழியிலேயே, 1991-ல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். இந்த வகைக் கணினிகளில் ஒவ்வொரு டிஸ்க்கும் தனித்தனி எழுத்துப் பெயரில் நிற்பதில்லை. எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள். புதிய டிரைவைச் செருகினால் அதில் உள்ள ஃபைல் அமைப்பை மரத்தின் ஓரிடத்தில் பொருத்துகிறார்கள். அதற்கு மவுண்ட் செய்தல் என்று பெயர். அதை எடுத்துவிடுவது அன்மவுண்ட் செய்தல்.

அன்மவுண்ட் செய்யும்போது கணினி மூன்று வேலைகளைச் செய்கிறது. அந்த டிரைவை யாராவது பயன்படுத்துகிறார்களா என்று பார்க்கிறது. மெமரியில் காத்திருக்கும் அனைத்தையும் டிரைவில் எழுதி முடிக்கிறது. பின்பு 'ஒழுங்காக மூடப்பட்டது' என்ற குறிப்பை டிரைவிலேயே இட்டு, மரத்திலிருந்து அதைக் கழற்றுகிறது. நாம் நாளின் கணக்கை முடித்து, கூட்டுத்தொகை போட்டுக் கோடு இழுப்பதற்கு ஒப்பானது இது.

செய்ய வேண்டிய முறை

1. முதலில் பில்லிங் மென்பொருளை மூடுங்கள். அல்லது அதிலேயே உள்ள பேக்கப் வசதியைப் பயன்படுத்துங்கள். பில் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் தகவல் ஃபைலை நேரடியாகக் காப்பி செய்தால், பாதி பழையதும் பாதி புதியதுமாக நகல் அமையலாம். எவ்வளவு ஒழுங்காக டிரைவைக் கழற்றினாலும் இந்தக் குறை தீராது.

2. டிரைவ் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். டெர்மினலில் டி-எஃப் என்ற இரண்டு எழுத்துகளை அடித்தால் இணைந்துள்ள டிஸ்க்குகளின் பட்டியல் வரும். இது முக்கியம். குறிப்பிட்ட ஃபோல்டருக்குத் தானாக நகல் எடுக்கும்படி அமைத்திருக்கும் கடைகளில், டிரைவைச் செருக மறந்தாலும் அந்த ஃபோல்டர் இருக்கும். நகல் கணினியின் உள் டிஸ்க்கிலேயே போய் விழும். நாம் கையில் எடுத்துச் செல்வது பழைய கணக்கு.

3. காப்பி முடிந்தபின், ஃபைல்கள் காட்டும் ஜன்னலில் டிரைவின் பெயருக்கு அருகே உள்ள எஜெக்ட் குறியை அழுத்துங்கள். எழுத வேண்டியது மீதி இருந்தால், கழற்ற வேண்டாம் என்ற பொருளில் அறிவிப்பு வரும். டிரைவை எடுக்கலாம் என்ற செய்தி வரும்வரை, அல்லது டிரைவின் பெயர் பட்டியலிலிருந்து மறையும்வரை காத்திருங்கள்.

4. டெர்மினலில் செய்கிறவர்கள் கவனிக்க: கட்டளையின் பெயர் யு-எம்-ஓ-யு-என்-டி. அன்மவுண்ட் என்ற சொல்லில் யு-வுக்கு அடுத்து வரும் என் எழுத்து இதில் கிடையாது. ஆரம்பகால யூனிக்ஸிலிருந்தே இப்படித்தான். கட்டளையை அடுத்து ஓர் இடைவெளி விட்டு, டிரைவ் பொருத்தப்பட்டிருக்கும் இடத்தின் பெயரைக் கொடுக்க வேண்டும். உரிமை இல்லை என்று கணினி மறுத்தால் முன்னால் சுடோ சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை சரியாக முடிந்தால் கணினி எதுவும் சொல்லாது. அடுத்த கட்டளைக்கான வரி மட்டும் வரும். அது வர நேரமானால் எழுதிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பொறுத்திருங்கள்.

5. டிரைவில் விளக்கு இருந்தால், அது மினுக்குவது நின்றபின் எடுங்கள். சுழலும் தட்டுள்ள வெளி ஹார்டு டிஸ்க் என்றால், மின்சாரத்தையும் நிறுத்தும் பாதுகாப்பான நீக்கம் என்ற வசதியைத் தேர்ந்து, சுழற்சி அடங்கியபின் கையில் எடுங்கள்.

இவை எதுவும் நினைவில் நிற்காத பணியாளருக்கு ஓர் எளிய வழி உண்டு. டிரைவைச் செருகியபடியே விட்டு, கணினியை முறைப்படி ஷட் டவுன் செய்யச் சொல்லுங்கள். கணினி தானே எல்லா டிஸ்க்குகளையும் கழற்றிவிட்டுத்தான் அணையும். முழுதும் அணைந்தபின் டிரைவை எடுக்கலாம். சுவிட்சை நேராக அணைப்பது ஷட் டவுன் ஆகாது.

சிங்க் என்ற கட்டளையும் உண்டு. காத்திருப்பதை எல்லாம் எழுதிவிடு என்பது அதன் பொருள். பழைய யூனிக்ஸில் இது உத்தரவை மட்டும் கொடுத்துவிட்டு, எழுதி முடியும் முன்பே திரும்பிவிடும். ஆகவே அந்நாளைய இயக்குநர்கள் இதை மூன்று முறை அடிப்பதை வழக்கமாக வைத்திருந்தார்கள். அடிக்கிற நேரத்தில் வேலை முடியட்டும் என்று. இன்றைய லினக்ஸில் எழுதி முடியும்வரை அது காத்திருக்கும். ஆயினும் சிங்க் டிரைவைக் கழற்றுவதில்லை; அதற்குப் பின்பும் வேறு மென்பொருள் எழுதக் கூடும். ஆகவே அன்மவுண்ட் செய்வதே முடிவான வேலை.

பிஸி என்று வந்தால்

சில சமயம் 'டார்கெட் இஸ் பிஸி' என்று கணினி மறுக்கும். கோபப்பட்டு டிரைவை இழுக்கும் நேரம் இதுதான். உண்மையில் கணினி நமக்கு உதவிதான் செய்கிறது. கிடங்குக்குள் ஆள் இருக்கும்போது வெளியே பூட்ட மாட்டேன் என்கிறது.

உள்ளே இருக்கும் ஆள் யார்? டிரைவில் உள்ள கணக்குத் தாள் ஒன்று திறந்திருக்கலாம். டெர்மினலே அந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டிருக்கலாம். வெளியே வந்தால் போதும். அல்லது பேக்கப் மென்பொருள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கலாம். எல்-எஸ்-ஓ-எஃப் என்ற கட்டளையை டிரைவின் இடத்தோடு சேர்த்து அடித்தால், எந்த மென்பொருள் எந்த ஃபைலைப் பிடித்திருக்கிறது என்று பட்டியல் தரும். அதை மூடிவிட்டு மறுபடி முயலுங்கள்.

யு-மவுண்ட் கட்டளையோடு சிறிய எல் எழுத்தைச் சேர்த்தால் பிஸி என்ற மறுப்பே வராது என்று சிலர் சொல்லித் தருவார்கள். இதில் எச்சரிக்கை தேவை. அது டிரைவின் பெயரை மட்டும் மரத்திலிருந்து உடனே எடுத்துவிடும். உண்மையான கழற்றலோ, உள்ளே இருக்கும் மென்பொருள் தன் வேலையை முடித்தபின்தான் நடக்கும். கட்டளை உடனே திரும்பிவிட்டது என்பதால் டிரைவை எடுக்கலாம் என்று பொருள் இல்லை. பென் டிரைவுக்கு இதைப் பயன்படுத்தவே வேண்டாம் என்கிறோம்.

கிடங்கிலும் கடையிலுமாகப் பல கணினிகளை இணைத்திருக்கும் மொத்த வணிகர்களுக்கும் ஒரு சொல். நெட்வொர்க் வழியே இணைத்த டிஸ்க்கும் மவுண்ட் செய்யப்பட்டதே. மூலக் கணினியை முதலில் அணைத்துவிட்டால் மற்ற கணினிகள் பதிலுக்குக் காத்து நின்றுவிடக் கூடும். ஆகவே கவுண்டர் கணினிகளை முதலிலும், மூலக் கணினியைக் கடைசியிலும் அணையுங்கள்.

பிடுங்கியாகிவிட்டால்

யாரோ அவசரத்தில் பிடுங்கிவிட்டார்கள். அல்லது நடுவில் மின்சாரம் போய்விட்டது. அப்போது அந்த டிரைவில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். மூலக் கணினியில் கணக்கு நலமாக இருந்தால் வேறு டிரைவில் உடனே புதிய நகல் எடுங்கள். பின்பு நிதானமாகப் பழைய டிரைவைச் சோதிக்கலாம். எஃப்-எஸ்-சி-கே என்ற சோதனைக் கட்டளையை, டிரைவ் அன்மவுண்ட் ஆகியிருக்கும்போது மட்டுமே ஓட்ட வேண்டும். மவுண்ட் ஆன நிலையில் ஓட்டினால் இருக்கிறதும் கெடும்.

லினக்ஸ் தன் உள் டிஸ்க்குகளுக்குப் பெரும்பாலும் பயன்படுத்தும் இ-எக்ஸ்-டி-4 அமைப்பில் ஜர்னல் என்ற முன்குறிப்பேடு உண்டு. திடீரென்று நின்றாலும் அதைப் பார்த்து ஃபைல் அமைப்பைத் தானே சீர்செய்துகொள்ளும். ஆனால் மெமரியில் நின்றுபோன கடைசிக் கணக்கை அதுவும் திருப்பித் தராது. நாம் கடையில் வாங்கும் பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட் வகையில் வருகின்றன. அவற்றில் ஜர்னலே இல்லை. நாம் அதிகம் பிடுங்கி எடுப்பது இந்த வகையைத்தான். கணினிக்கு யு.பி.எஸ். வைப்பதும் இதனால்தான் அவசியம்.

நிறைவாக

இரண்டு பென் டிரைவ்கள் வைத்துக்கொண்டு நாள் மாற்றி நாள் பயன்படுத்துங்கள். ஒன்று கெட்டாலும் முந்தைய நாளின் நகல் மிஞ்சும். வாரம் ஒரு முறை நகலைத் திறந்து, ஏதாவது ஒரு பில்லை எடுத்துச் சரிபாருங்கள். மேலே சொன்ன ஐந்து படிகளையும் ஒரு தாளில் எழுதி, கணினிக்குப் பக்கத்தில் ஒட்டி, பில் போடும் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள் பெரியவர்கள். பூட்டுப் போட்டபின் ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தானே கடையை விட்டு இறங்குகிறோம்? அந்த ஒரு நிமிடத்தைக் கணக்குக்கும் கொடுக்குமாறு உறுப்பினர்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.