பூனையின் நெடி சொல்லும் சேதி

பூனை நம் காலில் கன்னத்தை வைத்துத் தேய்த்தால் அதைக் கொஞ்சல் என்றே எடுத்துக்கொள்கிறோம். கொஞ்சல்தான், கூடவே ஒரு வேலையும் நடக்கிறது. கன்னம், மோவாய், உதட்டோரம், வாலடி, விரலிடுக்கு என்று பல இடங்களில் அதற்கு மணச்சுரப்பிகள் உண்டு. தேய்த்த இடத்தில் அதன் வாசனை படிகிறது. நாற்காலிக்கால், கதவு விளிம்பு, நம் முழங்கால் எல்லாவற்றிலும் தன் வாசனை இருந்தால்தான் பூனைக்கு அது தன் வீடு. மருத்துவமனைக்குப் போய்வந்த பூனையைப் பார்த்து உடன் வளர்ந்த பூனையே சில சமயம் சீறுவதும் இதனால்தான். உருவம் அதேதான், வாசனை மாறிவிட்டதே!

இந்தக் கன்னத்து வாசனை நம் மூக்குக்கு எட்டாது. எட்டுவது கடுவன் பூனையின் மூத்திர நெடி. வியப்பும் அதில்தான் அதிகம். பூனையின் சிறுநீரில் ஃபெலினைன் என்ற கந்தகம் கொண்ட அமினோ அமிலம் இருக்கிறது. அதற்கென்று மணம் கிடையாது. வெளியே வந்தபின் மெல்ல மெல்லச் சிதைந்து கந்தக நெடியாக மாறுகிறது. கடுவன் மூத்திரம் பீய்ச்சிய சுவர் நேரம் போகப் போகக் கூடுதலாக நாறுவது அதனால்தான். இந்த ஃபெலினைன் உருவாகக் காரணம் சிறுநீரகம் சுரக்கும் காக்சின் என்ற புரதம் என்று 2006-இல் ஜப்பானின் மசாவோ மியாசாகி குழுவினர் காட்டினார்கள். விதை நீக்காத கடுவனிடம் காக்சின் மிக அதிகம். விதை நீக்கினால் குறைந்துவிடும். ஃபெலினைனுக்கு வேண்டிய கந்தகம் இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும் வருவது. ஆகவே நெடி மிகுந்தவன் நன்றாக இரை பிடிப்பவன் என்று பெண் பூனை அறியக்கூடும் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

அந்தச் சுவரருகே வரும் இன்னொரு பூனையைக் கவனியுங்கள். முகர்ந்துவிட்டு, மேலுதட்டைத் தூக்கி, வாயைப் பாதி திறந்தபடி சற்று நேரம் நிற்கும். மேல் முன்பற்களுக்குப் பின்னே உள்ள இரு சிறு துளைகள் வழியாக நெடி ஒரு தனி உறுப்புக்குப் போகிறது. 1811-இல் அதை விவரித்த டென்மார்க்கின் லுட்விக் ஜேக்கப்சன் பெயரால் ஜேக்கப்சன் உறுப்பு என்கிறார்கள். யார் வந்தது, எப்போது வந்தது என்பதை நேரில் பார்க்காமலே பூனை அறிந்துகொள்கிறது. பல சண்டைகள் இதனால் நடக்காமலே போகின்றன.

ஆகவே வீட்டுச் சுவரில் பீய்ச்சிவிட்டது என்று பூனையை அடிக்காதீர்கள். பினாயில் ஊற்றியும் கழுவாதீர்கள். பீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பினாயில் பட்ட பாதத்தை நக்கும்போது நஞ்சு உள்ளே போகும். சோப்பு நீரால் கழுவி, நன்றாக அலசினால் போதும். ஆனால் கடுவன் பூனை முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழித்தால் அது பீய்ச்சல் அல்ல, சிறுநீர்ப்பாதை அடைத்திருக்கலாம். அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.