மணல்மேட்டில் ஒரு சறுக்கு!

அட்லஸை எடுத்து ஆப்பிரிக்கா பக்கத்தைத் திருப்புங்கள். தென்மேற்கு ஓரத்தில் நமீபியா என்று ஒரு நாடு இருக்கும். 1990 மார்ச் 21-இல் சுதந்திரம் பெற்றது. அதன் கடற்கரையில் நடுவாக்கில் ஒரு சின்னப் புள்ளி தெரிகிறதா? அதுதான் ஸ்வகோப்முண்ட். ஜெர்மானியர்கள் 1892-இல் துறைமுகத்துக்காக உண்டாக்கிய ஊர். ஒரு பக்கம் அட்லாண்டிக் கடல், மற்ற பக்கமெல்லாம் நமீப் பாலைவனம். மணலில் சறுக்க, நாலு சக்கர பைக் ஓட்ட, விமானத்திலிருந்து குதிக்க என்று உலகம் முழுவதும் இருந்து நண்பர்கள் கூட்டம் கூட்டமாக இங்கே வருகிறார்கள்.

கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது பாலைவனம் எப்படி வந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? அதற்குக் காரணமே அந்தக் கடல்தான்! தெற்கிலிருந்து பெங்குவேலா என்ற குளிர் நீரோட்டம் இந்தக் கரையை ஒட்டி ஓடுகிறது. அதன் மேல் வரும் காற்றும் குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று மேலே எழும்பாது. எழும்பாவிட்டால் மழை மேகம் ஏது? பனிமூட்டம் மட்டும்தான். நம்மூரில் ஐப்பசியில் ஒரு மணி நேரத்தில் கொட்டுகிற மழை அங்கே வருஷம் பூராவும் பெய்தாலே பெரிய விஷயம். அங்கே ஒரு வகை வண்டு, தலைகீழாக நின்று முதுகில் படியும் பனித்துளியை வாய்க்கு உருட்டிக் குடிக்கிறது! பாலைவனம்தானே என்று பனியனோடு போனால் காலையில் நடுங்க வேண்டியதுதான். ஸ்வெட்டர் அவசியம்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். ஊருக்குத் தெற்கே ஸ்வகோப் ஆறு. பெரும்பாலும் வறண்டுதான் கிடக்கும். அதைத் தாண்டினால் மணல்மேடுகள். காற்று மணலை ஒரு பக்கமாக ஏற்றி, உச்சியிலிருந்து மறுபக்கம் தள்ளுகிறது. அதனால் ஏறுகிற பக்கம் சாய்வாகவும், விழுகிற பக்கம் செங்குத்தாகவும் இருக்கும். உலர்ந்த மணல் சுமார் 34 டிகிரிக்கு மேல் நிற்காது, தானே சரிந்துவிடும். அந்தச் சரிவில்தான் சறுக்கல்.

சறுக்குவது எப்படி? வளையக்கூடிய மெல்லிய அட்டைப்பலகையின் அடிப்பக்கத்தில் மெழுகு தேய்ப்பார்கள். அதில் குப்புறப் படுத்து, பலகையின் முன்விளிம்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்க வேண்டும். விளிம்பு தாழ்ந்தால் மணலைக் குத்தும், அப்புறம் பலகை ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம்! முழங்கைகளையும் தூக்கியே வைக்கணும், இல்லாவிட்டால் தோல் உரிந்துவிடும். பிரேக் நம்முடைய காலின் பெருவிரல்கள்தான். உயரமான சரிவில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம்கூடப் போகிறார்களாம். வாயை மூடிக்கொள்ளுங்கள், கத்தினால் மணல்தான் சாப்பாடு! இறங்க அரை நிமிஷம்கூட ஆகாது. ஆனால் மறுபடி ஏற லிஃப்ட் கிடையாது. இரண்டு அடி வைத்தால் ஒரு அடி சறுக்கும். நாலு தடவை ஏறினால் தொடை கெஞ்சும். இதிலே உண்மையான வீரம் ஏறுவதுதான் என்பது என் கருத்து.

அடுத்தது குவாட் பைக். இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். மேட்டின் சாய்வான பக்கம் வேகமாக ஏறிவிடலாம். உச்சிக்கு மறுபக்கம் பள்ளமா, அங்கே யாராவது நிற்கிறார்களா என்பது கீழிருந்து தெரியாது. "யார் முதல்ல போறா பார்ப்போம்டா" என்று நண்பர்கள் போட்டி போட்டால் அங்கேதான் ஆபத்து. ஹெல்மெட் போட்டு, வழிகாட்டி போன தடத்திலேயே வரிசையாகப் போக வேண்டும்.

தடத்தை விட்டு விலகக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மணல்மேட்டில் விழுந்த டயர் தடத்தைக் காற்று சீக்கிரமே மூடிவிடும். ஆனால் சுற்றியுள்ள சரளைக்கல் சமவெளி அப்படி இல்லை. அங்கே ஒரு தடவை பதிந்த தடம் பல பத்து வருஷங்கள் அழியாது. அந்தக் கற்களில் லைக்கன்கள் வளர்கின்றன. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர் என்று உயிரியல் வகுப்பில் படித்தோமே, அதுதான். பனிமூட்ட ஈரத்தில் மிக மிக மெதுவாக வளரும், டயர் ஏறினால் பொடிப்பொடி. டமாரா ஆலா என்ற சின்னக் கடல்பறவையும் இந்தச் சமவெளியில் வெறும் தரையிலேயே, பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும். முட்டையும் கல் நிறம். பைக் ஓட்டுகிறவர் கண்ணுக்கு எப்படித் தெரியும்? 2010-இல் இந்தக் கரையோரப் பகுதியை டோரோப் தேசியப் பூங்கா என்று அறிவித்து, வண்டி ஓட்டக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள்.

ஊர் ஓரத்தில் வேறு மேடுகளும் இருக்கின்றன. அவை காற்று குவித்தவை அல்ல. 1904 முதல் 1908 வரை ஜெர்மன் ஆட்சி ஹெரேரோ, நாமா மக்களைக் கொன்று குவித்தது. ஸ்வகோப்முண்டிலும் கைதி முகாம் இருந்தது. அங்கே செத்துப்போனவர்களைப் பெயர்ப்பலகைகூட இல்லாமல் மணலில் புதைத்தார்கள். இது இனப்படுகொலை என்று ஜெர்மனி அரசு ஒப்புக்கொண்டது 2021-இல்தான். சுற்றுச்சுவர் இல்லாத காலத்தில் அந்தக் கல்லறைகள் மேலேயே குவாட் பைக்குகள் ஓடியிருக்கின்றன. ஓட்டியவர்களில் எத்தனை பேர் அதைச் சாதாரண மணல்மேடு என்று நினைத்தார்களோ!

கடைசியாக, வானத்திலிருந்து குதிப்பது. சுமார் 10,000 அடி உயரத்தில், பயிற்சியாளரின் உடம்போடு நம்மைப் பெல்ட்டால் கட்டிக் குதிப்பார்கள். முதலில் வேகம் கூடிக்கொண்டே போகும். காற்றுத்தடை நம் எடைக்குச் சமமானதும் அதற்கு மேல் கூடாது. இயற்பியல் பாடத்தில் வருகிற முற்றுத் திசைவேகம் இதுதான்! இரண்டு பேர் எடை சேர்ந்தால் வேகம் அதிகமாகும் என்பதால் முதலிலேயே ஒரு குட்டிப் பாராசூட்டை விரித்து, மணிக்கு சுமார் 200 கிலோமீட்டரில் நிறுத்துகிறார்கள். அரை நிமிஷம் போல விழுந்ததும் பெரிய பாராசூட். அது சரியாக விரியாவிட்டால் இன்னொன்று தயாராக இருக்கும். பயிற்சியாளர் மயங்கினால்கூடக் குறிப்பிட்ட உயரத்தில் தானாகவே விரித்துவிடும் கருவியும் உண்டு.

மூட்டம் கலையாத காலையில் விமானம் கிளம்பாது. எல்லோரும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கடற்கரையில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்களாம்.