ஐயாயிரம் ரூபாயும் இரண்டு கையெழுத்தும்

2026 மார்ச் 31 நெருங்க நெருங்கக் கடிதங்கள் கூடின. 2021-22-ல் தொடங்கிய மத்திய அரசின் நீர்வடிப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் 2.0-வின் காலக்கெடு அந்த நாள்தான். கேள்வியோ ஏறக்குறைய ஒன்றுதான்: "என் நிலத்தில் வேலை செய்தார்கள், ஐயாயிரம் கட்டச் சொன்னார்கள். இது லஞ்சமா?"

ரசீது கொடுத்திருந்தால் லஞ்சமில்லை.

கோப்புகளில் இதன் பெயர் 'மக்கள் பங்களிப்பு'. மனமுவந்து தருவது என்ற தொனி அந்தப் பெயரில் உண்டு. மனமுவந்து தந்ததாக ஒரு கடிதம்கூட எனக்கு வரவில்லை. கணக்கை 2008-ன் பொது வழிகாட்டு நெறிமுறை வகுத்தது. தனியார் நிலத்தில் நடக்கும் மண், நீர்ப் பாதுகாப்பு வேலையின் மதிப்பில் குறைந்தது 10 சதவீதத்தை நில உரிமையாளர் தர வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறு, குறு விவசாயிகளுக்கு 5 சதவீதம். ஒரு லட்ச ரூபாய் வேலை என்றால் சிறு விவசாயிக்கு ஐயாயிரம். அது அரசுக் கருவூலத்துக்குப் போகாது. ஊரின் பெயரில் உள்ள நீர்வடிப்பகுதி மேம்பாட்டு நிதிக் கணக்கில் சேரும். (நபார்டு வங்கியிலும் இதே பெயரில் ஒரு நிதி உண்டு. அது 1999-2000-ல் வந்தது, வேறு சமாச்சாரம். இரண்டையும் குழப்பிக்கொண்டு வந்த கடிதங்களைத் தனியே கட்டி வைத்திருக்கிறேன்.)

திட்டம் முடிந்தால் அரசுப் பணமும் நின்றுவிடும். தடுப்பணையில் வண்டல் சேர்வது நிற்காது. அதனால்தான் ஊர் நிதியில் பாதிக்குக் குறையாமல் பொதுக் கட்டமைப்புகளின் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி. சொந்த வயலில் பலன் பெற்றவனின் காசு ஊர் ஓடைக்குப் போகிறது. இதை எழுதியவருக்குக் கிராமத்தைத் தெரிந்திருக்கிறது. மூன்று வருடம் கழித்து வந்து ஓடைக்கு வரி கேட்டால் யார் கொடுப்பார்? ஜேசிபி வரப்போரம் நிற்கும்போது கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

உழைப்பாகவும் தரலாம் என்று சொல்லும் பிரிவுதான் என்னை உறுத்துகிறது. விவசாயி தன் நிலத்தில் கூலியில்லாமல் ஐந்து நாள் மண் வெட்டினால், அந்த ஐந்து நாள் கூலி திட்டக் கணக்கிலிருந்து ஊர் நிதிக்கு மாற்றப்படும். வியர்வை பணமாகிறது. நல்ல யோசனைதான். ஆனால் வங்கிக்குப் பணம்தான் தெரியும், வியர்வை யாருடையது என்று தெரியாது. வரப்பு போட வந்த நிலமில்லாத கூலியாளின் சம்பளத்தில் பிடித்தாலும் அதே வரவு. எம் புக்கில் (அளவுப் புத்தகத்தில்) அளவைக் கொஞ்சம் கூட்டி எழுதி, அரசுப் பணத்தையே பங்களிப்பு என்று போட்டாலும் அதே வரவு. முதல் வழியில் காணி இல்லாதவன் காணிக்காரனின் பங்கைக் கட்டுகிறான். இரண்டாவது வழியில் யாருமே கட்டுவதில்லை. மக்கள் பங்களிப்பு முழுதாக வந்துவிட்டது என்று மேடையில் சொன்னால், எந்த வழியில் வந்தது என்று கேளுங்கள்.

வந்த பணமாவது செலவாகிறதா? தருமபுரி மாவட்டத்து ஊர் ஒன்றில் மகளிர் குழு அக்கா ஒருவர் மஞ்சள் பையிலிருந்து பழைய திட்டத்தின் பாஸ்புக்கை எடுத்துக் காட்டினார். கடைசி இரண்டு பக்கமும் வட்டி வரவு மட்டும். ஐந்நூறு அடி தள்ளி, தடுப்பணையின் விளிம்பு வரை வண்டல், அதன் மேல் ஆளுயரச் சீமைக்கருவேலம். "ரெண்டு கையெழுத்து வேணும் சார். என்னோடது ஒண்ணு, இன்னொண்ணுக்கு எங்க போறது?" என்றார்.

நெறிமுறைப்படி இந்தக் கணக்கை ஊராட்சித் தலைவரும், கிராம சபை நியமித்த சுய உதவிக் குழு உறுப்பினர் ஒருவரும் சேர்ந்து இயக்க வேண்டும். தமிழ்நாட்டில் 28 மாவட்டங்களின் ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. ஒரு வட்டாரத்தின் அத்தனை ஊராட்சிகளையும் பார்க்கும் அதிகாரி, ஒரு ஓடையின் முட்செடிக்காகக் காசோலையில் எப்போது கையெழுத்துப் போடுவார்? சமவெளியில் எக்டேருக்கு 22,000 ரூபாய் வரை செலவிட ஒப்புக்கொண்ட திட்டம் கடைசியில் இந்த இடத்தில் வந்து நிற்கிறது.

மற்ற கேள்விகள்:

கட்டிய பணம் திரும்பி வருமா? வராது.

என் வரப்பு உடைந்தால் இந்த நிதியிலிருந்து சரிசெய்யலாமா? கூடாது, தனியார் நில வேலைக்கு இதில் இடமில்லை.

கடன் கிடைக்குமா? பராமரிப்புக்கு ஒதுக்கியது போக மீதியில், பங்களித்தவர்களுக்குச் சுழல்நிதிக் கடன் தர வழி இருக்கிறது.

குடிமராமத்திலும் 10 சதவீதம் கேட்டார்களே? 2017-ல் வந்த அந்தத் திட்டம் வேறு, அந்தப் பத்து சதவீதம் வேலையோடு கரைந்துவிட்டது.

கணக்கை யாரிடம் கேட்பது? நீர்வடிப்பகுதிக் குழுவின் செயலாளரிடம், கிராம சபையில் வைத்து.

ரசீது தரவில்லை என்றால்? முதல் கேள்விக்கான பதிலை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.