இடைப்பட்ட மூன்று ஆண்டுகள்

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்கிறார் இயேசு (லூக் 14:28). ஆனால் விசுவாச வாழ்வின் முழுச் செலவு முதல் நாளிலேயே தெரிந்துவிடுமா?

நட்டாலத்தில் பிறந்த நீலகண்டர், திருவிதாங்கூர் அரண்மனையில் மதிப்புடன் பணிபுரிந்தவர். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-இல் கைதானார். 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நாம் அந்தத் துப்பாக்கிச் சூட்டையே அதிகம் பேசுகிறோம். எனக்குப் பெரிதாகத் தெரிவது அதற்கு முந்தைய ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், அடித்தார்கள், பெருவிளையில் மரத்தோடு சங்கிலியால் கட்டிவைத்தார்கள். விசுவாசத்தை மறுத்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், வலி நின்றிருக்கும். அந்த வார்த்தையை அவர் ஒவ்வொரு காலையும் புதிதாகச் சொல்லாமல் இருக்க வேண்டியிருந்தது.

திருமண வாக்குறுதியும் இப்படித்தான். படுத்த படுக்கையான துணைவருக்கு ஆண்டுக்கணக்கில் பணிவிடை செய்பவர்கள் நம் பங்குகளில் உண்டு. பீடத்தின் முன் அவர்கள் சொன்னது ஒருமுறைதான்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2022 மே 15 அன்று தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார். அவரது கல்லறை கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் உள்ளது. அங்கே செல்லும்போது இத்தகைய குடும்பங்களையும் பெயர் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள்.