பாவம் என்று சொல்வதற்கு முன்

வியாழக்கிழமை விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்குப் போனால் பெங்களூருவின் துயரம் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கலாம். கடன், குடி, முறிந்த கல்யாணம், கோட்டைவிட்ட பரீட்சை என்று ஆளுக்கொரு வேண்டுதல். அல்சூர் சோமேஸ்வரர் கோயிலிலும் இதே முகங்கள்தான். இப்படி வருகிறவர்களில் யாராவது ஒருவர், கூட்டம் கலைந்தபின் தணிந்த குரலில் சொல்லக்கூடும்: “எனக்கு வாழவே பிடிக்கல ஃபாதர்.”

“அப்படியெல்லாம் பேசக்கூடாதும்மா, அது பாவம்” என்பதுதான் சட்டென்று வரும் பதில். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. குடும்பத்துக்குத் தான் ஒரு பாரம் என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருப்பவர், பாவி என்ற பெயரையும் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறார். அந்த இடத்தில் கேட்க வேண்டியது வேறு. “செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா? எப்பலேர்ந்து? இன்னிக்கும் தோணுதா?” இப்படி நேராகக் கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிடுவோமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை. கேட்டால் மனசு லேசாவதுதான் அதிகம்.

மதமே இந்த விஷயத்தில் மாறியிருக்கிறது. தெரிந்தே தற்கொலை செய்துகொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கச் சடங்கை 1917-ஆம் ஆண்டுக் கத்தோலிக்கச் சட்டத் தொகுப்பு மறுத்தது. 1983-இல் வந்த புதிய தொகுப்பில் அந்தத் தடை இல்லை. 1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார், சாக நினைப்பவர்கள் கூப்பிடலாம் என்று தன் கோயிலில் ஒரு தொலைபேசியை வைத்தார். தேடி வந்தவர்கள் காத்திருந்த நேரத்தில் அவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தவர்கள் சாதாரணத் தொண்டர்கள். பலர் அந்தப் பேச்சிலேயே தெளிந்து, பாதிரியாரைப் பார்க்காமலே கிளம்பிப் போனார்கள். அதைக் கவனித்த வாரா, கேட்கும் வேலையைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். ‘சமாரிட்டன்ஸ்’ அமைப்பு வளர்ந்தது அப்படித்தான். பெங்களூருவிலும் அதற்கு ஒரு சொந்தம் உண்டு. மருத்துவமும் தேவஊழியமும் கைகோத்து 1964-இல் இங்கே ‘மெடிக்கோ பாஸ்டரல் அசோசியேஷன்’ உருவானது. 2002-இல் நகரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ், ரோட்டரி ஆகியவற்றின் துணையோடு ‘சஹாய்’ உதவித் தொலைபேசியைத் தொடங்கியது இந்தச் சங்கம்தான்.

கோயிலுக்குப் போவதா, டாக்டரிடம் போவதா என்று வீட்டில் சண்டை போடுவது வீண் வேலை. நிம்ஹான்ஸ் ஆய்வாளர்களே திண்டுக்கல் மாவட்டத்து முத்துசுவாமி கோயிலில் போய் உட்கார்ந்து, அங்கே தங்கியிருந்த 31 மனநோயாளிகளைக் கவனித்தார்கள். அவர்கள் தங்கியது சராசரியாக ஆறு வாரம். மந்திரமோ விசேஷச் சடங்கோ கிடையாது. சின்னச் சின்னக் கோயில் வேலை, கூடவே ஒரு வீட்டு ஆள், அரவணைக்கிற சூழல், அவ்வளவுதான். நோய்க்குறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாக 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அதற்கு முந்தைய வருஷம், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் தர்காவை நம்பி நடந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. இரண்டு இடத்துக்கும் ஜனங்களைக் கொண்டுவந்தது நம்பிக்கைதான். ஒன்றில் மனிதராக நடத்தினார்கள், இன்னொன்றில் கட்டிப்போட்டார்கள். இன்று எந்த விதத்திலும் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு தடைசெய்கிறது.

அதே சட்டத்தின் 115-ஆம் பிரிவை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும். வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. ஓராண்டு வரை சிறை என்றிருந்த பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரைப் பணியவைக்க மிரட்டலாகத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் இன்னும் குற்றம். தற்கொலைக்குத் தூண்டிவிடுவதும் குற்றம்தான், பத்தாண்டு வரை சிறை.

இது தெரியாமல் போலீஸுக்குப் பயந்து, “தெரியாம தப்பான மருந்தைச் சாப்பிட்டுட்டாங்க” என்று ஆஸ்பத்திரியில் கதை சொல்கிறார்கள். உடம்பு தேறும், மனநல டாக்டர் வரமாட்டார். உள்ளதைச் சொல்லுங்கள். போலீஸ் கேஸ் என்று காரணம் காட்டி எந்த மருத்துவமனையும் அவசரச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனநலச் சிகிச்சையில் குறை இருந்தால் பொறுப்பு மருத்துவ அதிகாரியிடமும், அங்கே நடக்காவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திடமும் புகார் தரலாம். இலவசச் சட்ட உதவியும் உரிமைதான். மற்ற நோய்களுக்கு எந்த அடிப்படையில் காப்பீடு உண்டோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது அதே மனநலச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு.

உடனடி உதவிக்கு 14416. ‘டெலி மானஸ்’ என்ற இந்த அரசுச் சேவை 2022 அக்டோபர் 10 முதல் இரவு பகலாக, இலவசமாக இயங்குகிறது. நிம்ஹான்ஸ்தான் இதன் தலைமை மையம். தமிழிலும் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 112-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். ஓசூர் ரோட்டு நிம்ஹான்ஸில் ராத்திரியிலும் அவசரப் பிரிவு உண்டு. அதுவரை அவரைத் தனியே விடாதீர்கள். ஆபத்தான பொருள்களை அவர் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள்.

எல்லோரும் கோட்டைவிடுவது ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகுதான். ஊர் வாய்க்குப் பயந்து கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். சென்னையும் கொழும்பும் உட்பட ஐந்து நாட்டு நகரங்களில், தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேரை உலக சுகாதார நிறுவனம் பின்தொடர்ந்தது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மீதிப் பேரிடம் அதோடு சுமார் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி, 18 மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். 2008-இல் முடிவு வந்தது: வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம்.

ஒன்பது விசாரிப்பில் ஐந்து, முதல் மூன்று மாதத்துக்குள்: ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு, பதினொன்றாம் வாரங்களில். பிறகு நாலாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருஷம், ஒன்றரை வருஷம். இதற்கு டாக்டர் பட்டம் வேண்டாம். பயிற்சி பெற்ற ஒரு தொண்டர் போதும். பங்கின் அன்பியமோ வின்சென்ட் தே பவுல் சபையோ கோயில் பஜனைக் குழுவோ ஜமாத்தோ இதை எடுத்துச் செய்யலாம். போனதும் “ஏன் இப்படிப் பண்ணே?” என்று ஆரம்பிக்காமல், தூக்கம் வருகிறதா, மாத்திரை தீர்ந்துவிட்டதா, அடுத்து டாக்டரைப் பார்க்கும் தேதி எப்போது, கூட யார் போவது என்று கேட்டுவிட்டு, ஆள் இல்லையென்றால் தானே கூடப் போகலாம்.