வெளிநாட்டுப் பெட்டியில் கசகசா வேண்டாம்!

சுரண்டை, தென்காசி பக்கத்து வீடுகளில் ஒருவர் வெளிநாடு கிளம்பினால், முதல் நாள் ராத்திரியே பாதிச் சமையலறை பெட்டிக்குள் போய்விடும். சாம்பார் பொடி, புளி, வத்தல், இட்லிப் பொடி... அந்த வரிசையில் ஒரு பொட்டலத்தை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். அது கசகசா!

பரோட்டா சால்னாவைக் கெட்டியாக்கும் கசகசா, அபின் செடியின் விதை. அதில் மார்ஃபின் சிறிதளவு இருக்கலாம் என்பதால் ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, சிங்கப்பூருக்கு அதைக் கொண்டுபோகத் தடை. 'தெரியாமல் கொண்டு வந்துவிட்டேன்' என்றாலும் போதைப்பொருள் வழக்காகலாம். வீட்டில் அரைத்த குருமா பொடியிலும் அது கலந்திருக்கலாம். அரைக்கும்போதே சொல்லி வையுங்கள்.

மாற்று கைவசமே இருக்கிறது. முந்திரியும் தேங்காயும் சேர்த்து அரைத்து ஊற்றினால் சால்னா கெட்டியாகிவிடும்.

மற்ற பொருட்கள் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும், பெயர்தான் வேறு. வெண்டைக்காய் அரபுக் கடையில் 'பாமியா'. முருங்கைக்கீரை பிலிப்பைன்ஸ் கடையில் 'மலுங்கை'. புளி மலாய்க்காரர் கடையில் 'அசாம் ஜாவா'. துபாயில் கராமா, சிங்கப்பூரில் தேக்கா மார்க்கெட் பக்கம் போனால் கறிவேப்பிலைகூட வாங்கலாம்.

சால்னா கொஞ்சம் ருசி மாறினால் பரவாயில்லை. பிள்ளை பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும், அதுதானே முக்கியம்!