மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில் தென்பெண்ணை பெருகி, பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள் புகுந்தது. இப்படிப்பட்ட நாட்களில் கரண்ட் போனால் இருட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தெருவெல்லாம் வெள்ளம் நிற்க, மாடித் தொட்டியில் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை என்பதைப் பொறுக்க முடியாது. வீட்டுக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கிவிட வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் வரும்.

உடனே வாட்டைக் கூட்டத் தொடங்குவோம். நாலு எல்இடி பல்பு, இரண்டு ஃபேன், ஒரு டிவி, ஒரு ஃபிரிட்ஜ்: எல்லாம் சேர்ந்து 400 வாட். போர் மோட்டார் ஒரு குதிரைத்திறன், அதாவது 746 வாட். மொத்தம் 1,150 வாட்டுக்குள் அடங்குகிறது. இரண்டு கேவிஏ ஜெனரேட்டர் தாராளம் என்று தோன்றும். அதை வாங்கி வந்து மோட்டார் சுவிட்சைப் போட்டால், பல்பு மங்கும், இன்ஜின் திணறும், தண்ணீர் வராது.

746 வாட் என்பது மோட்டார் தன் தண்டில் கொடுக்கும் வேலை. கம்பியிலிருந்து அது இழுப்பது 1,100 வாட்டுக்கும் மேல் இருக்கும். ஆனால் இது சின்ன விஷயம். உண்மையான காரணம் மோட்டாருக்குள்ளே இருக்கிறது.

வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேரை நிலையிலிருந்து கிளப்ப எத்தனை கைகள் வேண்டியிருக்கின்றன! உருளத் தொடங்கியபின் அவ்வளவு பலம் வேண்டாம். மோட்டாருக்கும் கிளம்புவதுதான் கஷ்டம். ஆனால் அதன் காரணம் எடையோ உராய்வோ மட்டுமல்ல.

நம் போர் மோட்டாரின் சுற்றுக்கம்பியில் கரண்ட் பாய்ந்ததும் உள்ளே ஒரு காந்தப்புலம் சுழலத் தொடங்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் வேகம் நிமிடத்துக்கு 3,000 சுற்று. நடுவில் இருக்கும் ரோட்டாருக்கு எந்த ஒயரும் போவதில்லை. சுழலும் புலம் அதைக் கடந்து போகும்போது அதற்குள் தானாகவே மின்சாரம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த தூண்டல் இதுதான். அந்த மின்சாரமே ரோட்டாரையும் காந்தமாக்கி, புலத்தின் பின்னால் ஓட வைக்கிறது. ஓடும் ரோட்டார் புலத்தை ஒருபோதும் எட்டுவதில்லை. எட்டிவிட்டால் தூண்டலே நின்றுவிடும். 2,850 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டே, எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே இருக்கிறது. எனக்கு இது எத்தனை முறை நினைத்தாலும் வியப்புதான்.

ஓட்டத்தில் அந்த இடைவெளி சிறியது, ஆகவே கரண்டும் குறைவு. ரோட்டார் அசையாமல் நிற்கும் முதல் கணத்திலோ புலம் முழு வேகத்தில் அதைக் கடக்கிறது. மோட்டார் வழக்கமானதைப்போல ஐந்து மடங்கோ அதற்கு மேலோ கரண்ட் இழுக்கும். ஊர் டிரான்ஸ்ஃபார்மர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. சின்ன ஜெனரேட்டரில் வோல்டேஜ் சரியும். மோட்டாரின் திருப்புவிசையோ வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறையும்: வோல்டேஜ் 70 சதவீதமானால் விசை பாதிதான். பாதி விசையில் பம்ப் திரும்பாமல் போகலாம். திரும்பாத மோட்டார் அதே பெரிய கரண்டை இழுத்துக்கொண்டே நிற்க, காயில் சூடேறிக் கருகிவிடும்.

அதனால் ஒரு குதிரைத்திறன் போர் மோட்டாருக்கு நான்கு கேவிஏ, அரை குதிரைத்திறனுக்கு இரண்டரை கேவிஏ என்று வைத்துக்கொள்வது நல்லது. முதலில் மோட்டாரைக் கிளப்பி, அது சீராக ஓடியபின் ஃபேனையும் பல்பையும் போட வேண்டும். வாங்கும்போது தகட்டைப் படியுங்கள். ‘மேக்ஸ்’ என்பது சிறிது நேரம் தாங்கும் அளவு, ‘ரேட்டட்’ என்பது தொடர்ந்து தரும் அளவு. கேவிஏவை 0.8ஆல் பெருக்கினால் பெரும்பாலும் கிலோவாட் கிடைக்கும்.

இருக்கிறதிலேயே பெரியதை வாங்குவதும் சரியல்ல. பெரிய டீசல் ஜெனரேட்டரைக் கொஞ்ச லோடில் நெடுநேரம் ஓட்டினால், இன்ஜின் போதிய சூடு ஏறாமல், எரியாத டீசலும் கரியும் புகைக்குழாயில் படியும். மோட்டாரே ஓட்டப்போவதில்லை, விளக்கும் ஃபேனும் செல்போன் சார்ஜும் போதும் என்றால் ஒரு கேவிஏ இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் போதும். லோடுக்கு ஏற்ப இன்ஜின் வேகத்தைக் குறைத்து அது பெட்ரோலை மிச்சப்படுத்தும்.

மழைக்குப் பயந்து ஜெனரேட்டரைத் திண்ணைக்கோ வீட்டுக்குள்ளோ கொண்டுவரவே கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். ஜெனரேட்டர் ஒயரைச் சுவர் பிளக்கில் செருகி வீடு முழுக்கக் கரண்ட் கொடுப்பது இன்னும் கொடியது. அந்த 230 வோல்ட் மீட்டர் வழியாக வெளியே போய், ஊர் டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, ஆயிரக்கணக்கான வோல்ட்டாகி மின்கம்பிக்குப் போகும். லைன் செத்துவிட்டது என்று நம்பி ஒருவர் அங்கே கம்பம் ஏறியிருப்பார். நடுவே ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இருந்தால் வீடு மின்துறை லைனிலோ ஜெனரேட்டரிலோ ஒன்றில்தான் இணைந்திருக்கும். ஜெனரேட்டர் வாங்கும் அன்றே எலக்ட்ரீஷியனை வைத்து அதையும் மாட்டிவிடுங்கள்.